எத்தனை நொடி வேண்டும்? - ராஸ் லஃபான் கரையில் ஃபில்டர் தேர்வு

கடலைப் பனிமூட்டம் போலப் படம் எடுக்க எந்த ஃபில்டர் வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் நான் ஒரே ஒரு கேள்வியைத்தான் திருப்பிக் கேட்பேன்: எத்தனை நொடி வேண்டும்? பெரும்பாலோரிடம் பதில் இருக்காது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். விலை உயர்ந்ததை வாங்கினால் படம் தானாக அமைந்துவிடும் என்று நம்பி, கையைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் கணக்குப் போடக் கற்றுக்கொண்டேன்.

இந்தத் துறையில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் அட்லாண்டிக் கரையில் நின்று எழுதப்பட்டவை. பாறையில் மோதும் பேரலை, குளிர்ந்த காற்று, தெளிந்த வானம் ஆகியவற்றை அவை இயல்பாகவே எடுத்துக்கொள்கின்றன. கத்தாரின் வடகிழக்குக் கரையில் நான் கழித்த ஆண்டுகளில் இவற்றில் ஒன்றையும் அதிகம் கண்டதில்லை. அங்கே கற்றதை, வேறு வளைகுடா நாடுகளில் இருக்கும் தமிழர்களுக்கும் பயன்படலாம் என்ற எண்ணத்தில், இங்கே தொகுத்துத் தருகிறேன்.

இடம்

தோஹாவிலிருந்து வடக்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் ராஸ் லஃபான் இருக்கிறது. 'ராஸ்' என்றால் அரபியில் தலை. கடலுக்குள் நீளும் முனைக்கும் அதே சொல். நம் ஊர்க் கோடியக்கரை, கன்னியாகுமரி போல ஒரு முனை என்று வைத்துக்கொள்ளலாம். 1971இல் கண்டறியப்பட்ட வடக்கு வயல் எரிவாயுவை நம்பி எழுந்த தொழில் நகரம் இது. 1996ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானுக்கு முதல் திரவ எரிவாயுக் கப்பல் இங்கிருந்து புறப்பட்டது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தொழில் நகரத்துக்குள் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். ஆலைகளையும் துறைமுகத்தையும் அனுமதியின்றிப் படம் எடுக்கக் கூடாது. முக்காலியை விரித்து, நீண்ட லென்ஸை அந்தத் திசையில் நீட்டி நான்கு நிமிடம் நிற்பவருக்கு எந்த விளக்கமும் உதவாது. வேலையும் விசாவும் ஒரு படத்தைவிடப் பெரியவை. நான் படம் எடுத்ததெல்லாம் தெற்கே அல் கோர், அல் தகீரா கண்டல் காடு, வடக்கே ஃபுவைரித் ஆகிய பொதுக் கரைகளில்தான். ஃபுவைரித் கரையில் அழுங்காமைகள் முட்டையிடும். ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான அந்தப் பருவத்தில் கரையை மூடிவிடுவது வழக்கம். மூடாத நாட்களிலும் அங்கே டார்ச் விளக்கைக் கரையெங்கும் அடிக்காமலிருப்பது நல்லது.

இந்தக் கரை கிழக்கு நோக்கியது. சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் வளர்ந்தவர்களுக்குப் பழகிய அமைப்பு: கடலில் சூரியன் உதிக்கும், மறைவது நம் முதுகுக்குப் பின்னால். இது ஃபில்டர் தேர்வை எப்படி மாற்றுகிறது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

சதுரங்கக் கணக்கு

நிறத்தை மாற்றாமல் ஒளியை மட்டும் குறைக்கும் கண்ணாடியை நியூட்ரல் டென்சிட்டி ஃபில்டர், சுருக்கமாக என்.டி., என்கிறோம். கறுப்புக் கண்ணாடி அணிந்த லென்ஸ், அவ்வளவுதான். ஒளி குறைந்தால் ஷட்டரை அதிக நேரம் திறந்து வைக்கலாம். அந்த நேரத்துக்குள் அலை எழுந்து விழுந்து, எழுந்து விழுந்து, படத்தில் ஒரு சராசரியாகப் படிகிறது.

ஃபில்டரின் வலுவை 'ஸ்டாப்' என்ற படியால் அளக்கிறார்கள். ஒவ்வொரு படிக்கும் நேரம் இரட்டிப்பாகும். சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று கேட்டு அரசனைத் திகைக்க வைத்த கதை நமக்குத் தெரியும். அதே கணக்கு. 3 படி என்றால் 8 மடங்கு. 6 படி என்றால் 64 மடங்கு. 10 படி என்றால் 1024 மடங்கு.

குழப்பம் இதில் இல்லை, பெயரிடுவதில் இருக்கிறது. ஒரே ஃபில்டரை ஒரு நிறுவனம் மடங்கால் குறிக்கும், மற்றொன்று அடர்த்தி எண்ணால் குறிக்கும். அடர்த்தி எண்ணில் ஒரு படிக்கு 0.3. ஆக என்.டி.8, 0.9, 3 படி மூன்றும் ஒன்றே. என்.டி.64, 1.8, 6 படி மூன்றும் ஒன்று. என்.டி.1000, 3.0, 10 படி மூன்றும் ஒன்று. நான் முதலில் வாங்கியது '3.0' என்று குறித்த ஃபில்டர். மூன்று படி என்று நினைத்துக்கொண்டு வாங்கினேன். லென்ஸில் மாட்டிப் பார்த்தபோது ஒன்றுமே தெரியவில்லை. மூடியைக் கழற்ற மறந்துவிட்டேனோ என்று இரண்டு முறை தடவிப் பார்த்தேன். கடைக்காரர் மீது தவறில்லை, நான்தான் எண்ணைப் படிக்கத் தெரியாதவன்.

எந்த நேரத்துக்கு எது

ஐஎஸ்ஓ 100, அபெர்ச்சர் எஃப்/11 என்று வைத்துக்கொள்வோம். ஃபில்டர் இல்லாமல் என் குறிப்பேட்டில் அடிக்கடி வரும் அளவுகள் இவை: நடுப்பகல் வெயிலில் நொடியில் 250இல் ஒரு பங்கு, சூரியன் எழுந்த சற்று நேரத்தில் 15இல் ஒரு பங்கு, மாலை மறைந்து இருபது நிமிடம் கழித்து சுமார் 2 நொடி.

இனிப் பெருக்க வேண்டியதுதான். நடுப்பகலில் 10 படி ஃபில்டர் போட்டாலும் கிடைப்பது வெறும் 4 நொடி. நிமிடக் கணக்கில் வேண்டுமென்றால் 16 படி தேவை. அப்போது நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகும். காலை வேளையில் 6 படி 4 நொடியைத் தரும், 10 படி ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் தரும். மாலை மங்கலில் 3 படி போட்டால் 16 நொடி, 6 படி போட்டால் 2 நிமிடம். அந்த நேரத்தில் 10 படியை மாட்டினால் அரைமணிக்கு மேல் நிற்க வேண்டும். அதற்குள் வானமே வேறாகிவிடும்.

'அபெர்ச்சரை எஃப்/22க்குக் குறைத்தால் ஃபில்டர் இல்லாமலே முடியாதா?' என்று கேட்கலாம். இரண்டு படி மிச்சமாகும். ஆனால் சிறிய துளையில் ஒளி சிதறிப் படத்தின் கூர்மை குறையும். எஃப்/8க்கும் எஃப்/13க்கும் இடையில் நின்றுகொண்டு, மீதியை ஃபில்டரிடம் விடுவதே நல்லது.

இந்தக் கடலின் குணம்

பாரசீக வளைகுடாவின் சராசரி ஆழம் சுமார் 35 மீட்டர்தான். கத்தார்க் கரையோரம் அதைவிடவும் ஆழம் குறைவு. நீர் வற்றும் நேரத்தில் அல் தகீராவில் கடல் வெகுதூரம் பின்வாங்கி, ஈரச் சேறு மட்டும் மிஞ்சும். ஓத அட்டவணை பார்க்காமல் போனால் ஃபில்டர் இருக்கும், கடல் இருக்காது.

வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் நாட்களைத் தவிர அலை சிறியது. ('ஷமால்' என்றால் வடக்கு. நம் வாடைக்கு உறவுமுறை என்று சொல்லலாம், இது கூடவே தூசியையும் கொண்டுவரும்.) பேரலையை வெண்புகை ஆக்க 30 நொடி தேவைப்படலாம். இந்தச் சிற்றலைக்கு 8 நொடியே போதும். அதற்கு மேல் போனால் நீர் கண்ணாடித் தகடாகிவிடும். இரண்டு நிமிடத்துக்கும் எட்டு நிமிடத்துக்கும் நீரில் வித்தியாசம் தெரியாது, மேகத்தில் மட்டும்தான் தெரியும். வளைகுடாக் கோடையிலோ மேகமே அரிது. ஆகவே 16 படி ஃபில்டருக்குச் செலவு செய்பவர் எதை வாங்குகிறார் என்று யோசிக்க வேண்டும். எனக்குப் பிடித்தது அரை நொடிக்கும் ஒரு நொடிக்கும் இடைப்பட்ட நேரம். கரையேறித் திரும்பும் நுரை, மணலில் கோலமிட்டது போல் கோடுகளாகப் பதியும். அதற்குக் காலையில் 3 அல்லது 4 படியே போதும்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கேமராவின் சென்சாரில், ஒளியே படாமலும், வெப்பத்தால் ஒரு சிறு மின்னோட்டம் ஊறிக்கொண்டே இருக்கும். வெப்பநிலை சுமார் 6 முதல் 8 டிகிரி கூடும்போது அது இரட்டிப்பாகிறது. ஆகஸ்ட் இரவில் கூட 30 டிகிரிக்குக் குறையாத கரையில் நான்கு நிமிடம் திறந்து வைத்தால், படமெங்கும் சிவப்பும் நீலமுமாகப் புள்ளிகள். கேமராவில் இதை நீக்கும் வசதி உண்டு. ஆனால் அது அதே அளவு நேரம் இன்னொரு இருட்டுப் படத்தை எடுத்துக் கழித்துப் பார்க்கும். நான்கு நிமிடம் எட்டாகிவிடும். ஸ்காட்லாந்தில் நின்று எழுதியவர் இதைச் சொல்லவில்லை என்றால் அவர் மேல் குற்றமில்லை. என் முடிவு இது: கோடையில் மெல்லிய ஃபில்டர், நவம்பர் முதல் மார்ச் வரை அடர்ந்த ஃபில்டர்.

போலரைசர்

நீரின் மேல் மின்னும் பிரதிபலிப்பை வெட்டுவது துருவ ஃபில்டர் என்னும் போலரைசர். மென்பொருளால் பின்னர் செய்ய முடியாத வேலை இது ஒன்றுதான், ஆகவே வாங்கலாம். நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அதன் பலன் அதிகம். வானத்தை ஆழ்நீலமாக்க, சூரியன் நம் தோளுக்கு நேர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் இதன் பொருள் என்ன? உதிக்கும் சூரியனை நோக்கி நிற்கும்போதும், மாலையில் சூரியன் முதுகில் படும்போதும், வானத்தில் போலரைசரால் பலனில்லை. முற்பகலில் வடக்கையோ தெற்கையோ நோக்கி நிற்கும்போது அது தன் வேலையைக் காட்டும். அல் தகீராவின் வெண்கண்டல் மரங்களைச் சுற்றி மேல்நோக்கி நீளும் மூச்சுவேர்கள், போலரைசரைத் திருப்பிய கணத்தில் நீருக்கடியில் தெளிந்து வரும். பிச்சாவரத்தில் பார்த்த அதே மரம், அதே வேர். அகன்ற கோண லென்ஸில் மட்டும் எச்சரிக்கை: வானத்தில் ஒரு பக்கம் கறுத்து, மறுபக்கம் வெளுத்துப் போகும். போலரைசர் ஒன்றரை முதல் இரண்டு படி ஒளியை விழுங்கும் என்பதால், மெல்லிய என்.டி. ஆகவும் அதையே பயன்படுத்தலாம்.

இரண்டு போலரைசர்களைச் சேர்த்துச் செய்ததே திருகி அடர்த்தியை மாற்றும் 'வேரியபிள் என்.டி.' வீடியோ எடுப்பவர்களுக்கு வசதி. அகன்ற கோணத்தில், உச்ச அடர்த்தியில், படத்தின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒரு நிழல் விழும். கடலுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதி இருண்ட ஃபில்டர்

மேல் பாதி இருண்டும் கீழ்ப் பாதி தெளிந்தும் இருப்பது கிராஜுவேட்டட் என்.டி. வானத்தின் ஒளியைக் குறைத்துக் கடலோடு சமன் செய்வது இதன் வேலை. சிக்கல் பழையது. 1850களில் பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே, வானத்துக்கு ஒன்றும் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு நெகட்டிவ்களை எடுத்து, தொடுவானக் கோட்டில் இணைத்துக் கடற்காட்சிகள் அச்சிட்டார். இன்று நாம் கணினியில் இரண்டு படங்களைச் சேர்ப்பதும் அதே தந்திரம்தான்.

அதனால்தான் இதைக் கடைசியாக வாங்கச் சொல்கிறேன். மேலும் அங்கே பல நாட்களில் ஈரமும் தூசியும் சேர்ந்து, வானமும் கடலும் எங்கே பிரிகின்றன என்றே தெரியாது. பிரிவே இல்லாத இடத்தில் பிரிக்கும் ஃபில்டர் எதற்கு?

மாலையிலும் அது தேவையில்லை. நெய்தல் திணைக்கு நம் இலக்கணம் எற்பாட்டைச் சிறுபொழுதாக வைத்தது. கிழக்குக் கரையில் அந்தப் பொழுதில் கடலைப் பார்த்து நின்றால் சூரியன் கண்ணில் படாது. ஆனால் சூரியன் மறைந்த சில நிமிடங்களில், எதிரே தொடுவானத்தில் சாம்பல் நீலப் பட்டை ஒன்று எழும். அதன் மேல் இளஞ்சிவப்பு விளிம்பு. அந்த நீலப் பட்டை பூமியின் நிழல், காற்று மண்டலத்தின் மேல் விழுவது. வானும் நீரும் அப்போது ஏறக்குறைய ஒரே வெளிச்சத்தில் இருக்கும். 3 படி ஃபில்டர் ஒன்றே போதும். நான் அங்கே எடுத்தவற்றில் இன்னும் பார்க்கத் தகுந்த படங்கள் பெரும்பாலும் இந்தப் பதினைந்து நிமிடங்களில் எடுத்தவை.

வெல்டிங் கண்ணாடி

ஃபில்டர் வாங்கப் பணமில்லாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அதை எனக்குக் காட்டியவர் ராமநாதபுரத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து வந்த ஒரு வெல்டர். என் 10 படி ஃபில்டரை வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இதுக்கா அண்ணே இவ்வளவு காசு? எங்க முகமூடியில இருக்குற கண்ணாடிதானே?" என்றார்.

ஏறக்குறைய அதுதான். வெல்டிங் கண்ணாடிக்கு 'ஷேடு எண்' உண்டு. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, மூன்றால் பெருக்கி, ஏழால் வகுத்தால் அடர்த்தி எண் கிடைக்கும். ஷேடு 10 என்றால் அடர்த்தி 3.86, அதாவது ஏறக்குறைய 13 படி. நடுப்பகலில் ஏறக்குறைய அரை நிமிடம் தரும். லென்ஸின் முன்னால் ரப்பர் வளையத்தால் கட்டிவிடலாம். குறை: படம் முழுவதும் பாசிப் பச்சையாக வரும், கூர்மையும் குறையும். கறுப்பு வெள்ளையாக மாற்றினால் பச்சை ஒரு பொருட்டில்லை. பிடித்திருந்தால் பிறகு நல்ல ஃபில்டர் வாங்கலாம். பிடிக்காவிட்டால் நஷ்டம் ஒரு ரப்பர் வளையம்.

ஒரு எச்சரிக்கை. புகைப்பட என்.டி. ஃபில்டர் கண் பாதுகாப்புக்கானதல்ல. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அதில் ஊடுருவும். அதை மாட்டிக்கொண்டு, கண்ணாடி வழியே நேரே பார்க்கும் வகைக் கேமராவில் சூரியனைப் பார்க்கவே கூடாது. மலிவான அடர்ந்த ஃபில்டர்களில் படம் செம்மண் நிறமாவதற்கும் இந்தக் கதிர் ஒரு காரணம். ரா கோப்பாக எடுத்தால் ஓரளவு திருத்தலாம்.

மணல், உப்பு, ஈரம்

லென்ஸில் திருகி மாட்டும் வட்ட ஃபில்டரா, சட்டத்தில் செருகும் சதுர ஃபில்டரா? தூசிக் காற்றில் நான் வட்டத்தின் பக்கம். சதுரம் காற்றைப் பிடிக்கும்; பிசினால் செய்ததானால் மணல் கீறிவிடும். வட்டத்தின் குறை, திருகு மரைக்குள் மணல் புகுந்து இறுகிக்கொள்வது. பித்தளை வளையம் உள்ளதை வாங்கினால் இது குறையும். இருக்கும் லென்ஸ்களில் பெரியதன் விட்டத்துக்கு (பெரும்பாலும் 77 அல்லது 82 மில்லிமீட்டர்) ஒரே ஃபில்டர் வாங்கி, சிறியவற்றுக்கு மாற்று வளையம் போட்டுக்கொள்ளலாம்.

கோடையில் ஏசி காரிலிருந்து கேமராவை வெளியே எடுத்ததும் கண்ணாடி வியர்க்கும். இரண்டு ஃபில்டர்களை அடுக்கியிருந்தால் நடுவிலும் வியர்க்கும், துடைக்க முடியாது. பையை மூடியபடியே வெளியே வைத்து இருபது நிமிடம் காத்திருப்பதே மருந்து. படம் எடுக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் காட்சியை அமைத்து, ஃபோகஸ் செய்து, தானியங்கி ஃபோகஸை நிறுத்தி, பிறகே அடர்ந்த ஃபில்டரை மாட்ட வேண்டும்.

யார் மிஞ்சுகிறார்கள்

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அல் கோர் கரையில் இரண்டு நிமிட எக்ஸ்போஷர் ஒன்று எடுத்தேன். விடுமுறை நாள், கரை முழுக்கத் தொழிலாளர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். படத்தில் ஒருவரும் இல்லை. கட்டடங்கள், விளக்குக் கம்பங்கள், பளிங்கு போன்ற நீர், அவ்வளவுதான். அசைவது எதுவும் நீண்ட நேரத்தில் பதிவதில்லை.

1838இல் டாகுவேர், பாரிஸின் தெருவொன்றைச் சில நிமிடங்கள் திறந்து வைத்துப் படமெடுத்தார். வண்டிகளும் கூட்டமும் மறைந்துபோயின. மிஞ்சியது காலணிக்கு மெருகேற்றிக்கொள்ள நின்ற ஒருவரும், அவர் காலடியில் வேலை செய்தவரின் மங்கலான உருவமும். புகைப்படத்தில் பதிந்த முதல் மனிதர்களாக அவர்களைச் சொல்வார்கள்.

என் படத்தை அந்த வெல்டர் நண்பரிடம் காட்டினேன். மீனவர் வீட்டுப் பிள்ளை. நெடுநேரம் பார்த்துவிட்டு, "அலையும் இல்ல, ஆளும் இல்ல. கடல் செத்துக் கிடக்குற மாதிரி இருக்கு அண்ணே" என்றார். அழகாக இருக்கிறது என்று மற்றவர்கள் சொன்ன படம் அது. அவர் சொன்னதே சரி என்று இப்போது நினைக்கிறேன். அந்த நகரத்தைக் கட்டியவர்கள் இல்லாத நகரத்தை எடுக்க நான் காசு கொடுத்து ஃபில்டர் வாங்கியிருந்தேன்.

அடுத்த வாரம் 10 படியைப் பையிலேயே விட்டுவிட்டு, மெல்லிய ஃபில்டரால் அரை நொடியில் எடுத்தேன். அவரை நீர் விளிம்பில் நிற்கச் சொன்னேன். "எவ்வளவு நேரம் அண்ணே அசையாம நிக்கணும்?" என்றார். அரை நொடி என்றதும் சிரித்துவிட்டார். கால் அருகே நுரை கோடு கோடாக ஓடியது. அவர் கூர்மையாக நின்றார். பின்னால் நடந்தவர்கள் கலங்கலாக, ஆனால் ஆட்களாக, இருந்தார்கள். அந்தப் படத்தைத்தான் அவர் ஊருக்கு அனுப்பினார்.

வாங்கும் வரிசை

சுருக்கமாக: முதலில் உறுதியான முக்காலி, அது ஆடினால் எந்த ஃபில்டரும் வீண். அடுத்து 3 படி, 6 படி என்.டி. இரண்டு. வளைகுடாவில் விடியலும் மாலையும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும். பிறகு போலரைசர். குளிர்காலத்தில் மேகம் வரும்போது ஆசையிருந்தால் 10 படி. கிராஜுவேட்டட் வகை கடைசியில். 16 படி அநேகமாக வேண்டாம்.

கடைக்குப் போகுமுன் அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதிக்கொள்ளுங்கள். எத்தனை நொடி என்பது கடலை எவ்வளவு மென்மையாக்குவது என்ற கணக்கு மட்டுமல்ல. படத்தில் யார் இருக்க வேண்டும் என்பதும் அதற்குள்தான் இருக்கிறது.